நோன்புக் கஞ்சியும் ஒத்துக்கொள்ளாத வயிறும்



எங்கள் தென்னேரியில் கஞ்சிக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று வயிற்றுக்கு, மற்றொன்று தறிக்கு. பட்டுப் பாவு விறைப்பாக நிற்கவும் இழை அறாதிருக்கவும் நெசவாளர்கள் அதற்கு அரிசிக் கஞ்சி போடுவார்கள். வீதியில் பாவு விரித்திருக்கும் காலை வேளையில் அந்தக் கஞ்சி மணம் மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்கு ரமளான் மாத அஸர் நேரம்தான் நினைவுக்கு வரும். இம்மாதம் கஞ்சியைப் பற்றியே எழுதுகிறேன். அதற்கு முன் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் நாம் என்ன கொடுக்கிறோம்? பாலில் நனைத்த ரொட்டி, டீயில் தோய்த்த ரஸ்க், உப்புப் போட்ட ரவைக் கஞ்சி. எளிதில் செரிக்கும் என்று நம் தாய்மார்கள் கொடுத்தார்கள், நாமும் கொடுக்கிறோம். என் இளைய மகளுக்கு நான்கு வயது முதல் வயிற்றுப்போக்கு வருவதும் போவதுமாக இருந்தது. வயிறு உப்பும், கைகால்கள் மெலியும், முகம் வெளுக்கும். பூச்சி மருந்து இருமுறை கொடுத்தோம். கண்ணேறு என்று ஓதியும் பார்த்தோம். ஓதியதில் குறையில்லை. அதோடு நின்று தக்க மருத்துவரைத் தேடாமல் இருந்தேனே, அதுதான் என் குற்றம். ஒவ்வொரு முறை அவள் சுருண்டு படுக்கும்போதும் மடியில் போட்டுக்கொண்டு ரவைக் கஞ்சியை ஊட்டினேன். இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஆறாம் வயதில் சென்னையில் ஒரு மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் என்னும் நோய் என்றார்கள். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் அவள் குடலைத் தாக்கிக்கொண்டிருந்தது.

“அப்படியானால் சப்பாத்தியை நிறுத்திவிடுகிறோம்” என்றேன். “ரவை?” என்று கேட்டார் மருத்துவர். ரவைக்கு என்ன என்று நான் விழித்தேன். பட்டம் பெற்றவள், ஐம்பது பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவள், ரவை கோதுமையிலிருந்து வருகிறது என்பதை அன்றுதான் நின்று யோசித்தேன். ரவை, மைதா, சேமியா, ரொட்டி, பன், ரஸ்க், பிஸ்கட் எல்லாமே கோதுமையின் பிள்ளைகள். நான் ஆறுதலுக்கென்று ஊட்டியதுதான் அவளை வாட்டியிருக்கிறது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், அந்நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பசியால் வாட, இந்நோய் கண்ட பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பியது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டை எழுதினார். இதற்கு இன்றுவரை உள்ள சிகிச்சை, குளூட்டனை ஆயுள் முழுவதும் அறவே விலக்குவதுதான். கொஞ்சம் தின்றால் கொஞ்சம் கெடுதி என்று கணக்குப் பார்க்கும் நோயன்று இது. துணுக்குகூடக் குடலைப் புண்ணாக்கும்.

சகோதரிகளே, இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்தவுடன் உங்கள் பிள்ளைக்கும் இதுவே என்று முடிவுகட்டிக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது எடுத்தால்தான் பரிசோதனை உண்மையைக் காட்டும். நிறுத்திவிட்டுச் சென்றால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். முதலில் மருத்துவர், பிறகு அடுப்பங்கரை.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு வகை. பாலில் லாக்டோஸ் என்றொரு சர்க்கரை உண்டு. அதைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவம் கடந்ததும் உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் குறைந்துவிடுகிறது. என் மாமியாருக்குப் பால் குடித்தால் வயிறு இரையும், தயிர் ஒன்றும் செய்யாது. வயதாகிவிட்டதால் சாக்குச் சொல்கிறார்கள் என்று வீட்டில் கேலி செய்வோம். அது சாக்கல்ல. பால் உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி புளித்துக் கரைந்துவிடுகிறது. நெய்யிலோ அது ஏறக்குறைய இல்லை. ஆனால் பாலின் புரதமே ஒவ்வாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குத் தயிரும் ஆகாது, நெய்யும் ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, “கொஞ்சம் தயிர்தானே” என்று ஊட்டிவிடக் கூடாது. நிலக்கடலை, இறால், முட்டை, பால் இவற்றில் எதைத் தின்றாலும் உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் அங்கே கைமருந்துக்கு நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நோய் தெரிந்த பின் வந்த முதல் ரமளானில் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். நோன்புக் கஞ்சி என்பது அரிசியும் பாசிப்பருப்பும்தானே? என் மகளும் மற்றப் பிள்ளைகளோடு தூக்குவாளி எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குச் சென்றாள். மூன்றாம் நோன்பன்று அவளுக்கு மீண்டும் வயிற்றுவலி. விசாரித்தபோது, கஞ்சி கெட்டிப்படுவதற்காக அவ்வாண்டு கோதுமை ரவையும் இரண்டு படி சேர்க்கிறார்கள் என்று தெரிந்தது. யாரையும் குறைகூற இடமில்லை. அல்லாஹ்வுக்காகக் காய்ச்சுகிறார்கள், நல்லதென்று போட்டார்கள். கேட்டறியாதது நான். மறுநாள் மாலை வாளியோடு வாசலுக்கு வந்தவளை நிறுத்தி வாளியை வாங்கி வைத்தேன். அவள் அழவில்லை. “நான் மட்டும் போகக்கூடாதா?” என்று ஒருமுறை கேட்டாள், அவ்வளவுதான். கஞ்சி வீட்டில் காய்ச்சிவிடலாம். வாளிகள் இடிபட, பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் அந்த மாலைப்பொழுதை வீட்டில் எப்படிக் காய்ச்சுவது?

கஞ்சி காய்ச்சும் பெரியவரிடம் என் கணவர் சென்று விவரம் சொன்னார். “இத முன்னமே சொல்றதுக்கென்ன தம்பி? ரவை இல்லாட்டியும் கஞ்சி கஞ்சிதான்” என்றாராம். கெட்டிப்பதத்துக்குப் பாசிப்பருப்பைக் கூட்டிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வாளி மீண்டும் வரிசைக்குப் போனது. எனினும் கஞ்சியோடு கொடுக்கும் சமோசாவுக்கு இன்றுவரை வழி பிறக்கவில்லை. அதே எண்ணெயில்தான் பருப்பு வடையும் பொரிகிறது. ஆகவே வடை கடலைப்பருப்பில் செய்ததானாலும் எங்களுக்கு ஆகாது.

வீட்டில் காய்ச்ச விரும்புவோருக்கு எங்கள் அளவைச் சொல்கிறேன். பச்சரிசி நொய் 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இவற்றைக் களைந்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள். அடிகனமான சட்டியில் எண்ணெய் விட்டு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், ரம்பை இலை தாளித்து, சிறிய வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சிபூண்டு விழுது, தக்காளி, புதினா, மல்லி இவற்றை வரிசையாக வதக்குங்கள். கைமா போடுவதானால் 100 கிராம் போதும். மஞ்சளும் உப்பும் சேர்த்து இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் அரிசியைப் போட்டுத் தீயைக் குறைத்துக் குழைய விடுங்கள். அரைமூடித் தேங்காயின் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். பாலை ஊற்றியபின் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். இதில் கோதுமையும் இல்லை, மாட்டுப்பாலும் இல்லை. என் மாமியாரும் என் மகளும் ஒரே சட்டியில் குடிக்கிறார்கள்.

நொய்யை எங்கே உடைப்பது என்பதும் முக்கியம். மாவு மில்லில் நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். அந்த மாவு இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நம் அரிசியோடு கலந்து வீட்டுக்கு வரும். நாங்கள் வீட்டு மிக்ஸியிலேயே உடைத்துக்கொள்கிறோம். கேழ்வரகும் அப்படியே.

பெருங்காயத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாம் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவு சேர்த்திருப்பார்கள், பலவற்றில் அது கோதுமை மாவு. ரசத்தில் ஒரு சிட்டிகை என்று நினைக்கிறோம், அதற்குள் இருக்கிறது வினை. உணவுப் பொட்டலங்களில் குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, மற்றக் கொட்டைகள், சோயா முதலியவை இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. எழுத்து சிறியதாக இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள். எடைபோட்டுக் காகிதத்தில் கட்டித்தரும் மிட்டாய்க்கும் கார வகைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

எங்கள் அண்டைவீட்டு நெசவாளர் அம்மையார் ஒருவர் காஞ்சிபுரம் இட்லி செய்வதில் கைதேர்ந்தவர். அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து மந்தாரை இலையில் வேகவைப்பது. இயல்பிலேயே கோதுமை இல்லாத பலகாரம். என் மகளுக்கென்று செய்யுமுன் பெருங்காய டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். “இதுல என்னமோ எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்கம்மா” என்றார். உறவினர் பலர் செய்யாததை அவர் செய்தார். (உறவினர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.)

பெருநாள் காலைச் சேமியாவுக்கு அரிசிச் சேமியா கிடைக்கிறது. அதைப் பாயசத்தில் நேரே கொதிக்கவிட்டால் கூழாகிவிடும். வெந்நீரில் தனியே ஊறவைத்து வடித்து, தேங்காயின் இரண்டாம் பாலில் வெல்லமும் பேரீத்தம்பழமும் காய்ச்சி, முதற்பால் ஊற்றி இறக்கியபின், பரிமாறும் நேரத்தில் சேர்க்க வேண்டும். ரொட்டி சுட அரிசிமாவை எடுப்போர் கொதிக்கும் நீரில்தான் பிசைய வேண்டும். கோதுமை மாவை இழுத்துப் பிடிப்பது குளூட்டன். அரிசியில் அது இல்லாததால், கொதிநீரில் பாதி வெந்து பசையானால்தான் மாவு ஒன்றோடொன்று ஒட்டும்.

எல்லாவற்றையும் மாற்றிவிட முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். முட்டை ஒவ்வாத பிள்ளைக்கு வட்டலப்பம் செய்யப் பலவிதமாக முயன்று பார்த்தேன். அது களியாயிற்று, வட்டலப்பம் ஆகவில்லை. அதைவிடக் கடற்பாசியைக் காய்ச்சித் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கலந்து உறையவைத்தால் எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். போலி வட்டலப்பத்தைவிட அசல் கடற்பாசி மேல்.

துக்க வீட்டாருக்குத் தல்பீனா காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் இருந்ததை நாம் ஓதியிருக்கிறோம். நோயாளியின் மனத்துக்கு அது இதமளிக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அவர்களே அறிவித்துள்ளார்கள். அது பார்லி மாவுக் கஞ்சி. என் மகளுக்குப் பார்லியும் ஆகாது. எங்கள் வீட்டில் பார்லிக்குப் பதிலாகக் கேழ்வரகு மாவைத் தேங்காய்ப்பாலில் மெல்லியதாகக் காய்ச்சித் தேன் விட்டுக் கொடுக்கிறோம். அதைத் தல்பீனா என்று நான் சொல்லவில்லை. இளஞ்சூடாக, மெல்லியதாக, ஒருவர் அருகிலிருந்து ஊட்டுவதாக இருக்கிறது, அவ்வளவே.

விருந்துக்குப் போகும் இடத்தில்தான் பெரும் சங்கடம். “ஒரு வாய் தின்னால் என்ன ஆகிவிடும்?” என்று அன்போடு வற்புறுத்துவார்கள். மறுத்தால் பிகு என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் முன் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது அவர்கள் கையை எடுத்துக்கொண்டதும், அது தம் சமூகத்தார் ஊரில் இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்றதும், காலித் பின் வலீத் (ரலி) அதே தட்டிலிருந்து உண்டதும் ஹதீஸில் இருக்கிறது. உண்ணாதவரையும் அங்கே எவரும் நோகவில்லை, உண்டவரையும் நோகவில்லை. இதை மதரஸாவில் சொல்லிக்கொடுத்தபோது ஒரு சிறுவன் எழுந்து, “உஸ்தாபி, அப்ப நான் கத்தரிக்காய் வேணாம்னு சொல்லலாமா?” என்று கேட்டான். அவன் அம்மா என்னை மன்னிக்கட்டும்.

இப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுக்கிறாள். சென்ற வாரம் ஓதவரும் ஒரு சின்னப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் மகள் அதன் அருகில் போய், “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டாள். ரொட்டியும் பாலும் என்றது பிள்ளை. இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்று மாலையே அதன் தாயாரை வரவழைத்துப் பேசினேன். நாளை மறுநாள் காஞ்சிபுரத்தில் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். நானும் உடன் செல்கிறேன்.

அடுத்த இதழில் ஸஹர் நேரத்துக்கான சிறுதானிய உணவுகளைப் பற்றி எழுதுவேன், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.