எல்லை தாண்டிப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள்

பிளஸ் 2 முடிவு வந்த வாரத்திலேயே நம் காலனிகளுக்குள் ஏஜென்டுகள் வந்துவிடுகிறார்கள். "பெங்களூரில் எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்பு. நீட் வேண்டாம். எஸ்.சி. பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப்பிலேயே ஃபீஸ் கழிந்துவிடும்" என்கிறார்கள். அதை நம்பிப் பெற்றோர் கம்மலை அடகு வைத்து முன்பணம் கட்டுகிறார்கள்.

படிப்பை நாம் குறை சொல்லவில்லை. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளை இயக்கத் தெரிந்தவர் இல்லாமல் இன்று எந்தப் பெரிய மருத்துவமனையும் நடக்காது. தொட்டால் தீட்டு என்ற ஊரிலிருந்து போன பிள்ளை, நோயாளியின் தோளைப் பிடித்து நேராக நிறுத்திப் படம் எடுக்கிறது. அது சாதாரண மாற்றம் அல்ல.

ஆனால் சென்ற ஆண்டு எங்களைத் தேடி வந்த ஒரு மாணவியின் நிலையைக் கேளுங்கள். அப்பா கூலித் தொழிலாளி. கர்நாடகத்தில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டு. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் தள்ளுபடி. காரணம், அவருக்குத் தந்தது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். பணம் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை என்றது கல்லூரி. படிப்பை விட்டு வரவும் வழியில்லை. மூலச் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் இருந்தன.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 341-ஆவது பிரிவுப்படி பட்டியல் சாதிகள் மாநிலவாரியாக அறிவிக்கப்படுகின்றன. ஆதி திராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் உண்டு. ஆனாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அங்கே மாநில இடஒதுக்கீடு கிடையாது. ஆந்திரத்திலிருந்து மும்பை சென்ற பழங்குடிக் குடும்பத்து மாணவர் மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சாதி மட்டும் எல்லை தாண்டி உடன் வருகிறது. சலுகை எல்லையிலேயே நின்றுவிடுகிறது!

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அப்படியல்ல. வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் அதைத் தர வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு அது கிடையாது. ஏஜென்டுகள் மறைப்பது இந்த ஒரு வரியைத்தான்.

எனவே தம்பி, தங்கைகளே, முதலில் நம் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பியுங்கள். அங்கும் இந்தப் படிப்பு உண்டு. இடம் பிளஸ் 2 மதிப்பெண்படிதான். எஸ்.சி. ஒதுக்கீடு 18 சதவீதம். அதற்குள் 3 அருந்ததியருக்கு. வெளி மாநிலம்தான் என்றால், எந்த ஒதுக்கீட்டு இடம் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். அதை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் காட்டிக் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். மூலச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கல்வி நிறுவனங்கள் அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது.

அரசுக்கும் ஒரு வார்த்தை. இத்தனையையும் கூலி வேலைக்குப் போகும் தாயால் விசாரிக்க முடியுமா? முடிவு வெளியாகும் வாரத்தில் ஏஜென்ட் காலனிக்கு வருகிறார். நல அலுவலர் ஏன் வரக் கூடாது? அரசுப் பள்ளிகளிலும் நம் குடியிருப்புகளிலும் அந்த வாரமே முகாம் நடத்துங்கள். உதவித்தொகையைத் தேர்வுக் கட்டணத் தேதிக்கு முன் போடுங்கள். அந்த மாணவியின் கட்டணத்துக்கு நாங்கள் ஊர் ஊராக வசூல் செய்தோம். எல்லோருக்கும் அப்படிச் செய்ய எங்களால் முடியாது. அது எங்கள் வேலையும் அல்ல, அரசின் வேலை.