மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க!

பெருமாநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், இவர் செக்கிங். மகனுக்கு இரண்டே முக்கால் வயது.

'பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. நூல் கோனை மணிக்கணக்கில் உருட்டிக்கொண்டே இருக்கிறான். கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டத்துக்குப் போனபோது மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறிவிட்டான். ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்கிறார் டாக்டர். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரோ, "இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான், சும்மா இரு கண்ணு" என்கிறார். அங்கே என்ன செய்வார்கள்? ஊசி, ஸ்கேன் உண்டா? ஒரு நாள் லீவு போதுமா?'

முதலில் ஊசி பயத்தை விடுங்கள். ஆட்டிசத்தை ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. வேறு காரணம் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் மட்டுமே அவற்றை எழுதித் தருவார்கள். ஆனால், காது கேட்கிறதா என்ற பரிசோதனை அவசியம். கூப்பிட்டால் திரும்பாததற்குக் கேட்கும் குறைபாடும் காரணமாக இருக்கலாம் இல்லையா?

மற்றதெல்லாம் பேச்சும் விளையாட்டும்தான். குழந்தைநல மருத்துவர், உளவியல் நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர் என்று இரண்டு மூன்று பேர் பார்ப்பார்கள். கண்ணைப் பார்க்கிறானா, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுகிறானா, பந்தைத் திருப்பி உருட்டுகிறானா, பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போல் விளையாடுகிறானா என்று கவனிப்பார்கள். பிரசவம் எப்படி, எப்போது நடந்தான், பேசிய வார்த்தை நின்றுபோனதா என்று உங்களிடம் நிறையக் கேட்பார்கள்.

புது அறையில் முக்கால் மணி நேரம் பார்ப்பவர்களுக்கு உங்கள் பையனின் முழு நாள் தெரியாது. அது தெரிந்தவர் உங்கள் மாமியார். அவரையும் கூட்டிட்டுப் போங்க. 'சும்மா இரு' என்றவர், பேரன் மற்ற பிள்ளைகளைப் போலச் சுட்டிக்காட்டுவதில்லை என்பதை அங்கே தானே சொல்லக்கூடும். வீட்டுக்கு வந்தபின் பயிற்சி கொடுக்கப்போவதும் பகலில் உடனிருக்கும் அவர்தானே!

போவதற்கு முன், அவன் சாப்பிடுவது, விளையாடுவது, கூப்பிட்டால் என்ன செய்கிறான் என்பதை எல்லாம் செல்போனில் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். 'டாக்டருக்கு வணக்கம் சொல்லு' என்று ஒத்திகை வேண்டாம். அவன் அழுதால் அழட்டும், அதுவும் அவர்களுக்குத் தகவல்தான்.

ஒரு நாளில் முடியாமலும் போகலாம். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி ஓடும் வீடு என்பதால், எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மத்திய அரசு 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு வருவார்கள். அவர்கள் பரிந்துரைத்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கன்வாடி டீச்சரிடம் இன்றே விசாரியுங்கள்.

முடிவு பலவிதமாக வரலாம். ஆட்டிசம் எனலாம், பேச்சுத் தாமதம் மட்டும் எனலாம், 'ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்' என்றும் சொல்லலாம். எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். 'நாளைக் காலையிலிருந்து வீட்டில் என்ன செய்யட்டும்?' என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள். பேச்சுப் பயிற்சியைத் தொடங்க எந்தச் சான்றிதழுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் தனி வேலை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. சான்றிதழுக்கு 40 அம்சங்கள் கொண்ட இந்திய அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். அதில் மதிப்பெண் கூடினால் பாதிப்பு கூடுதல் என்று அர்த்தம். அதைப் பார்த்து மலைக்காதீர்கள். அவனுக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அது சொல்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் மாமியார் சொல்வது போல அவன் தானாகவே பேசிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். அப்படியானால் உங்களுக்கு நஷ்டம் இரண்டு நாள் கூலி. பேசாமல் போனால், காத்திருந்த வருடம் திரும்பி வராது, கண்ணு. லீவு சொல்லிவிடுங்கள்.