துக்க மணி அடிக்காத வீடுகள்

சபையில் ஒருவர் இறந்தால் ஆலய மணி அடிக்கும். "யாருக்காம்?" என்று கேட்டுக்கொண்டே சனம் வாசலுக்கு வரும். தற்கொலைச் சாவுக்கு மட்டும் சில சேகரங்களில் இன்றும் மணி அடிப்பதில்லை. உடலை ஆலயத்துக்குள் கொண்டுபோவதில்லை. வீட்டு வாசலில் ஒரு ஜெபம், கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஜெபம், அவ்வளவுதான். அதற்கும் ஆயர் போகாமல் உபதேசியாரை அனுப்பிவிடுகிற வழக்கம் உண்டு. எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடினால் ஒன்றும் இருக்காது. "முன்னாடி இருந்த ஐயர் காலத்திலிருந்தே இப்படித்தான்" என்பார்கள் கமிட்டியார். மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகாத ஆயர் அதற்கு மேல் என்ன பேசுவார்?

பேச வேண்டும் என்பதற்காகவே இந்த உரை. தேசிய குற்றப் பதிவுப் பணியகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் இறந்த 1,70,924 பேரில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர் நம் மாநிலத்தவர். நம் சபைக் குடும்பப் பதிவேடுகள் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. ஆனால் நாம் இறையியல் கல்லூரியில் படித்த ஆண்டுகளில் இதற்கென எத்தனை மணி நேரம் ஒதுக்கினார்கள் என்று நம்மையே கேட்டுப் பார்க்கலாம். அடக்க ஆராதனை ஒழுங்கு கற்றோம். அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் எப்படி நிற்பது என்று யாரும் கற்றுத்தரவில்லை.

ஊழியம் தொடங்குவது அங்கேதான். இயற்கைச் சாவென்றால் உடல் வீட்டில் இருக்கும், உறவு சுற்றி இருக்கும். இங்கே உடல் போலீஸ் பொறுப்பில் இருக்கும். நாம் 174 என்று சொல்லிப் பழகிய பிரிவு புதிய சட்டத்தில் 194 ஆகியிருக்கிறது. விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடியாமல் உடல் வெளியே வராது. சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் விதியைத் தளர்த்தியது. ஆனால் கொலை, தற்கொலை போன்றவற்றுக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. ஆகவே சாயங்காலம் போன உயிர் என்றால் வீட்டார் ஒரு ராத்திரி முழுக்க மருத்துவமனை மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். காவலர் வாக்குமூலம் கேட்பார். தகப்பன் "தீராத வயித்து வலிங்க" என்பார். தினசரியிலும் மறுநாள் அதுவே வரும். அந்த இடத்தில் உண்மையை வரவழைக்கிற வேலை நமக்கு இல்லை. பொய்க்குத் துணைபோகிற வேலையும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தேடிப்பிடித்துத் தாயை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வாக்குமூலத் தாளில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டிக் கூடவே நின்றால் போதும். அந்த ராத்திரி ஆயர் வந்தாரா இல்லையா என்பதை அந்தக் குடும்பம் முப்பது வருடம் கழித்தும் சொல்லும்.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணையும் சேரும். பிணவறைக்கு இந்தப் பக்கம் பெண் வீட்டார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார். பல நேரம் இரண்டு வீடும் நம் சேகரம்தான். தாலி கட்டும்போது ஜெபித்ததும் நாமாகவே இருப்போம். அப்போது சமாதானம் பேசப் புறப்படுகிற ஆயர்கள் உண்டு. "வெளியே தெரிஞ்சா சபைக்குத்தான் அவமானம்" என்று பெண்ணைப் பெற்றவர்களை அடக்கப் பார்ப்பார்கள். இது ஊழியம் அல்ல, அநியாயம். அடி உதை இருந்ததா, வரதட்சணை கேட்டார்களா என்பதை விசாரணை அதிகாரி முன்னால் அவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். இரண்டு வீட்டுக்கும் நாம் ஆயர்தான். அதற்காக உண்மைக்கும் பொய்க்கும் நடுவராக உட்கார முடியாது.

இனி அடக்கம். ஆங்கிலிக்கன் மரபில் வந்த நம் சபைகள் தமிழாக்கிப் பயன்படுத்திய பொது ஜெபப் புத்தகத்தின் 1662ஆம் ஆண்டு மூலத்தில், ஞானஸ்நானம் பெறாதவர், சபை நீக்கம் செய்யப்பட்டவர், தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவர் ஆகிய மூவருக்கும் இந்த ஒழுங்கைப் பயன்படுத்தக்கூடாது என்று அடக்க ஆராதனையின் தலைப்பிலேயே குறிப்பு உண்டு. நம் ஊர் வழக்கத்தின் வேர் பெரும்பாலும் அங்கே இருக்கிறது, வேதத்தில் இல்லை. இங்கிலாந்தில் அதற்கும் மேலே போய் நாற்சந்தியில் புதைத்தார்கள். 1823இல் ஒரு சட்டம் வந்து அதை நிறுத்தியது. ஆனால் கல்லறைத் தோட்டத்துக்குள் இரவு ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, ஆராதனை இல்லாமல்தான் புதைக்கலாம் என்றது. பகலில் புதைக்க 1882 வரை காத்திருந்தார்கள். இதிலே ஒரு வேடிக்கை: மனநிலை பிறழ்ந்திருந்தார் என்று விசாரணைக் குழு எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லா மரியாதையும் கிடைக்கும். ஆகவே இரக்கமுள்ள குழுக்கள் அப்படியே எழுதிக் கொடுத்துவந்தன. நம் ஊர் வயிற்றுவலிக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பு அவர்களை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. சட்டம் போட்டவர்களே கைவிட்டதை, சட்டமே இல்லாத நாம் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

வேதத்தைத் திறந்தால் இன்னும் தெளிவாகும். அகித்தோப்பேல் தன் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்திவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் தாவீதுக்குத் துரோகம் செய்தவன் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படியிருந்தும் அவனைத் தகப்பன் கல்லறையிலேயே அடக்கம் பண்ணினார்கள் என்று 2 சாமுவேல் 17:23 ஒரு கண்டனச் சொல்லும் இல்லாமல் முடிகிறது. சவுல் தன் பட்டயத்தின்மேல் விழுந்து செத்தான். யாபேஸ் கீலேயாத்தின் மனுஷர் ராமுழுவதும் நடந்துபோய் உடலை எடுத்துவந்து, எலும்புகளை அடக்கம்பண்ணி, ஏழுநாள் உபவாசம் இருந்தார்கள். அவர்கள் செய்ததைத் தயவு என்று சொல்லித் தாவீது ஆசீர்வதித்தான். தற்கொலை சரி என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. செத்தவன் உடலை அவமதிக்கச் சொல்லி ஓரிடத்திலும் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் கொடுக்கிற மரியாதையை இவனுக்கும் கொடுத்தால் நாளைக்கு நாலு பேருக்குத் துணிச்சல் வராதா?" என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்பார். கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. லூத்தரே இப்படித் தடுமாறியிருக்கிறார். தற்கொலை செய்தவர்களெல்லாம் நிச்சயமாக அழிந்துபோனார்கள் என்று நினைக்கத் தமக்கு மனமில்லை என்றும், காட்டில் கள்ளர் கையில் அகப்பட்டவனைப் போன்றவர்கள் அவர்கள் என்றும் சாப்பாட்டு மேசைப் பேச்சில் சொன்னவர், இதை ஜனங்களுக்குப் போதிக்க வேண்டாம் என்று கூடவே எச்சரித்தார். ஒரு சாவு இன்னொரு சாவைத் தூண்டும் என்பது உண்மை. பிள்ளைகள் மத்தியில் கூடுதல் உண்மை. ஆனால் தூண்டுவது மணிச் சத்தம் அல்ல. எப்படிச் செத்தான் என்று விவரம் விவரமாகப் பேசுவதும், செத்தவனை வீரனாக்குவதும், பிரச்சினைக்கு இதுவே முடிவாயிற்று என்பதுபோல் ஒற்றைக் காரணம் சொல்வதும்தான் தூண்டும். அடக்கப் பிரசங்கத்தில் இந்த மூன்றையும் தவிருங்கள். "இப்போ அவனுக்கு எல்லாக் கஷ்டமும் தீர்ந்தது" என்கிற ஆறுதல் வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். பின்வரிசையில் வேறொரு கஷ்டத்தோடு உட்கார்ந்திருக்கிற பையன் அதை வேறு மாதிரி கேட்பான். பிரசங்கம் சுருக்கமாக இருக்கட்டும், ஒழுங்கு முழுமையாக இருக்கட்டும்.

மணி, ஆலயத்துக்குள் உடல், கல்லறை இடம் இந்த மூன்றிலும் எந்தச் சாவுக்கும் வேற்றுமை இல்லை என்று சேகரக் கமிட்டியில் தீர்மானம் போட்டு வையுங்கள். அதைச் சாவு விழுந்த அன்று செய்ய முடியாது. அன்றைக்கு எல்லாரும் அந்தக் குடும்பத்தைத்தான் பார்ப்பார்கள், அவர்களோடு உள்ள பழைய வழக்கு வாய்க்காலையும் சேர்த்து. ஒன்றும் இல்லாத ஒரு மாதத்தில், வரவு செலவுக்கும் அசனப் பண்டிகைக்கும் நடுவே வைத்து நிறைவேற்றுங்கள்.

அடக்கம் முடிந்து பந்தல் பிரித்து, வாடகை நாற்காலியை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில்தான் தாய் கேட்பாள்: "ஐயா, எம் பிள்ளை எங்க இருப்பான்?" நரகம் என்று யாரோ சொந்தக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருப்பார். மோட்சம்தான் என்று அடித்துச் சொல்லும் அதிகாரமும் நமக்கு இல்லை. மரணம்கூட தேவனுடைய அன்பைவிட்டுப் பிரிக்காது என்று ரோமர் 8 சொல்வதை நம்பி, அவனை அந்தக் கையில் ஒப்புக்கொடுத்தோம் என்பதுதான் நம்மால் நேர்மையாகச் சொல்லக்கூடியது. அதையும் ஒரே தரம் சொல்லி முடிக்க முடியாது. ஒவ்வொரு சந்திப்பிலும் அவள் கேட்பாள்.

சந்திப்பைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். மூன்றாம் நாள் போகிறோம், ஸ்தோத்திரக் கூட்டத்துக்குப் போகிறோம், அப்புறம் திடப்படுத்தல் வகுப்பு, கட்டட வேலை, தேர்தல் என்று நாள் ஓடிவிடும். அந்த வீட்டுக்குக் கூட்டம் நின்றுபோன பிறகுதான் தூக்கம் போகும். தம்பி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்பான். தகப்பன் குடிக்க ஆரம்பிப்பார். இறந்தவரின் பிறந்தநாள், தேர்வு முடிவு வெளியாகும் வாரம், முதல் கிறிஸ்மஸ்: இந்த நாள்களைக் குறித்து வைத்துக்கொண்டு போனால் போதும். போய் வசனம் சொல்லியாக வேண்டும் என்றில்லை. யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் வாய் திறக்காமல் இருந்தவரைக்கும் நல்ல ஊழியர்களாகத்தான் இருந்தார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்த வீட்டில் வேறு யாரும் அதைச் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள். இன்னொன்று: அவர்கள் சொன்னதை வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பாகப் போடாதீர்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர் சுற்றும் வதந்திக்கு நம் சபைகளில் பஞ்சமில்லை.

சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். 1935இல் லிங்கன் நகரில் உதவிக்குருவாக இருந்தபோது அவர் நடத்திய முதல் அடக்கம் ஒரு சிறுமியுடையது. முதல் மாதவிலக்கைப் பால்வினை நோய் என்று பயந்து, யாரிடமும் கேட்க வழியின்றி உயிரை விட்டிருந்தாள். அது அவரை விடவில்லை. 1953 நவம்பரில் லண்டனில் தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாக நினைக்கிறவர்கள் பேசலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத் துணையாக இருந்த சாதாரண சபை மக்களிடம் பேசிவிட்டே பலர் மனம் தேறித் திரும்பிப் போனார்கள். விரைவிலேயே தொலைபேசியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் இயக்கம் அப்படிப் பிறந்தது. சென்னையில் 1986இல் தொடங்கிய சினேகாவும் இப்படிக் கேட்கும் காதுகளை வைத்து நடப்பதுதான். நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அப்படிப்பட்ட நாலு பேர் இருக்கமாட்டார்களா?

சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. கேட்ட பிறகு பலருக்குப் பாரம் குறைகிறது. ஆம் என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வேறிடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஆலய அறிவிப்புப் பலகையில் அது இருக்கட்டும். சூரைச்செடியின்கீழ் சாவைக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், அதுவும் இரண்டு தரம். மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்தில் மட்டும் நில் என்று சொல்கிறவர்கள் அந்த அதிகாரத்தை மறுபடி வாசிக்கட்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையம் திறந்து, நோயாளியோடு வீட்டாரையும் தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்தது. மருந்தும் ஜெபமும் சக்களத்திகள் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை.

இந்த அடக்கங்களை நடத்துகிற ஆயருக்கும் ஆயர் வேண்டும். ஒரே வருடத்தில் இரண்டு மூன்று நடத்தியவர் மறுநாளே ஓய்வுநாள் பள்ளி விழாவில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். திருமண்டல ஆயர்கள் தியானக் கூடுகையில் ஒரு பிற்பகலை இதற்கென்று விடலாம். வழக்கமான நிர்வாகச் சுற்றறிக்கைகளை அன்றைக்கு அஞ்சலில் அனுப்பிக்கொள்ளட்டும்.

அடுத்த இதழில் இதுபற்றி உங்கள் கடிதங்களை வெளியிட எண்ணியிருக்கிறோம். உங்கள் சேகரத்தில் வழக்கம் எப்படி, மாற்ற முயன்றபோது யார் எதிர்த்தார்கள், எந்த வேதபாடங்களை வாசித்தீர்கள், பிறகு அந்த வீட்டோடு உறவு எப்படித் தொடர்கிறது என்று எழுதுங்கள். ஊர்ப் பெயரும் குடும்பத்தின் பெயரும் இறந்த விதமும் கடிதத்தில் வேண்டாம்.