கண்டுபிடிப்பை விற்காதே! குத்தகைக்கு விடு!

ஓய்வு நேரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் ஒரு புதிய கருவி செய்கிறார். அது நன்றாக வேலை செய்கிறது. அக்கம்பக்கத்தார் பாராட்டுகிறார்கள். அடுத்து என்ன செய்வது?

"நல்ல விலை வந்தால் ஏதாவது ஒரு கம்பெனிக்கு விற்றுவிடு" என்று பலர் யோசனை சொல்வார்கள்.

விற்கக் கூடாது என்பது என் கருத்து.

நஞ்சை நிலம் வைத்திருப்பவர், தானே உழ முடியாவிட்டால் என்ன செய்கிறார்? குத்தகைக்கு விடுகிறார். உழுகிறவர் வேறு ஆள். ஆனால் நிலம் இவர் பெயரில்தான் இருக்கும். அறுவடைக்கு அறுவடை பங்கு வீடு தேடி வரும்.

கண்டுபிடிப்பும் ஒரு நிலம்தான். அதற்குச் சர்க்கார் கொடுக்கும் பட்டாவுக்குப் பெயர் "பேட்டண்டு". தமிழில் காப்புரிமை. அதை வைத்திருப்பவரின் அனுமதி இல்லாமல் அந்தப் பொருளை வேறு யாரும் செய்து விற்கக் கூடாது. கம்பெனி ஒன்று அனுமதி வாங்கிச் செய்தால், விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு தர வேண்டும். அந்தப் பங்குதான் "ராயல்டி".

விற்றவர் கதை ஒன்று, குத்தகைக்கு விட்டவர் கதை ஒன்று. இரண்டும் நடந்த கதைகள்.

இரண்டு சென்ட் பையன்

அமெரிக்காவில் பீட்டர் ராபர்ட்ஸ் என்று ஒரு பையன். 1963-ல் அவருக்கு வயது 18. "சியர்ஸ்" என்ற பெரிய கம்பெனியின் கடையில் விற்பனைச் சிப்பந்தி.

மோட்டார் பட்டறையில் போல்ட்டு திருகும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியின் நுனியில், போல்ட்டின் அளவுக்குத் தக்கபடி, கிண்ணம் போன்ற ஒரு துண்டை மாட்டுவார்கள். கையில் கிரீஸ் இருந்தால் அந்தத் துண்டைக் கழற்றுவது பெரும்பாடு. கைப்பிடியில் உள்ள பித்தானைக் கட்டை விரலால் அமுக்கினால் துண்டு தானே கழன்று விழும்படி, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ராபர்ட்ஸ் ஒரு வழி செய்தார்.

1964-ல் பேட்டண்டுக்கு விண்ணப்பம் போட்டார். கருவியைத் தன் கம்பெனியிடமே காட்டினார்.

"இது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. அதிகம் விற்காது" என்று கம்பெனி சொன்னது. கருவி ஒன்றுக்கு 2 சென்ட் தருவதாக ஒப்புக்கொண்டது. அதுவும் மொத்தம் 10 ஆயிரம் டாலர் வரைதான். அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது.

பையன் கையெழுத்துப் போட்டார். முழு உரிமையும் கைமாறியது. அதாவது, கிரயம்!

9 மாதத்திற்குள் 5 லட்சம் கருவிகள் விற்றுத் தீர்ந்தன. 10 ஆயிரம் டாலர் கணக்கு அத்தோடு முடிந்தது. விற்பனை மட்டும் தொடர்ந்து நடந்தது.

1969-ல் ராபர்ட்ஸ் வழக்குப் போட்டார். உண்மையை மறைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்றார். ஜூரிகள் அதை ஒப்புக்கொண்டு, 1977-ல் 10 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். வழக்கு அதோடு நிற்கவில்லை. 1989-ல்தான் சமரசம் ஆயிற்று. 18 வயதில் கருவி செய்தவர், வழக்கு முடியும்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்!

கடைசியில் பணம் வந்தது. போன வருஷங்கள் வருமா?

அறுபட்ட நாற்காலி

இனி, குத்தகைக்கு விட்டவர் கதை.

ரான் ஹிக்மன் தென் ஆப்பிரிக்காவில் 1932-ல் பிறந்தவர். இங்கிலாந்துக்குப் போய், "லோட்டஸ்" மோட்டார் கம்பெனியில் கார்களை வடிவமைக்கும் வேலை பார்த்தார். தச்சு வேலை அவருக்குப் பொழுதுபோக்கு.

1961-ல் தன் வீட்டுக்கு அலமாரி செய்துகொண்டிருந்தார். பட்டறை மேஜை இல்லை. ஒரு நாற்காலியின் மேல் பலகையை வைத்து அறுத்தார். பலகையோடு நாற்காலியும் அறுபட்டது! விலை உயர்ந்த நாற்காலி!

அதன் பிறகுதான், மடக்கி வைக்கக் கூடிய ஒரு மேஜையை உருவாக்கினார். மேல்பக்கம் இரண்டு நீளக் கட்டைகள். இரண்டு கைப்பிடிகளைத் திருகினால் அந்தக் கட்டைகள் நெருங்கி வந்து மரத்தைக் கவ்விப் பிடிக்கும். ஒரு முனையை அதிகமாகவும் மறு முனையைக் குறைவாகவும் திருகலாம். அதனால் கோணலான மரத்தையும் பிடிக்கும். வேலை முடிந்ததும் மடக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம்.

மேஜையே இடுக்கி, இடுக்கியே மேஜை! "வொர்க்மேட்" என்று அதற்குப் பெயர்.

கை விரித்த கம்பெனிகள்

ஹிக்மன் பல கம்பெனிகளின் கதவைத் தட்டினார். எல்லோரும் கை விரித்தார்கள். "டஜன் கணக்கில் விற்கலாம். நூற்றுக் கணக்கில் விற்காது" என்று ஒரு கம்பெனி கணக்குச் சொன்னது.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. வந்த விலைக்குத் தள்ளிவிடவும் இல்லை. 1968-ல் பேட்டண்டுக்கு விண்ணப்பம் போட்டார். மேஜைகளைத் தாமே செய்து, வியாபாரக் கண்காட்சிகளில் விற்க ஆரம்பித்தார். விற்றன!

முன்பு வேண்டாம் என்று சொன்ன "பிளாக் அண்ட் டெக்கர்" கம்பெனி, 1970-களின் தொடக்கத்தில் திரும்பி வந்தது. ஹிக்மன் நிலத்தை விற்கவில்லை, குத்தகைக்கு விட்டார். கம்பெனி செய்து விற்றது. அவருக்கு ராயல்டி வந்தது.

1981-க்குள் ஒரு கோடி மேஜைகள் விற்றுவிட்டன. காப்பியடித்தவர்கள் மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். 2011-ல் காலமாகும் வரை செல்வத்தோடு வாழ்ந்தார்.

வித்தியாசம் எங்கே?

இரண்டு பேருக்கும் மூளை இருந்தது. இரண்டு பேரும் பேட்டண்டுக்கு விண்ணப்பம் போட்டவர்கள்தான். "இது விற்காது" என்ற பேச்சை இரண்டு பேருமே கேட்டார்கள்.

ஒருவர் அதை நம்பினார். மற்றவர் தாமே விற்றுப் பார்த்தார்.

தரிசு நிலத்திற்கு யார் நல்ல குத்தகை தருவார்கள்? ஹிக்மன் முதலில் பயிர் வைத்துக் காட்டினார். விளைச்சலைக் கண்ணால் பார்த்த பிறகு, கம்பெனியே தேடி வந்தது.

"கையில் பணம் இல்லாதவன் என்ன செய்வான்? இன்று கிடைப்பது இன்றைய சோற்றுக்கு ஆகுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர் குத்தகையிலேயே முன்பணம் கேட்கலாம். அது ராயல்டியில் கழியும். ஆனால் "இத்தனை ரூபாய்க்கு மேல் கிடையாது" என்று உச்சவரம்பு வைத்தால் மட்டும் சம்மதிக்கக் கூடாது. உங்கள் பொருள் விற்காது என்று கம்பெனி உண்மையிலேயே நம்பினால், உச்சவரம்பு எதற்கு?

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1970-ம் ஆண்டு பேட்டண்டு சட்டம். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு வரை உரிமை உண்டு; அதைக் காப்பாற்ற அவ்வப்போது கட்டணம் கட்டி வர வேண்டும். தனி ஆளுக்குக் கட்டணம் பெரிய கம்பெனியைவிடக் குறைவு. சென்னை கிண்டியிலேயே அலுவலகம் இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. முதலில் விண்ணப்பம், பிறகுதான் விளம்பரம். ஊருக்கெல்லாம் காட்டிவிட்டுப் போனால், "இது புதிது அல்ல" என்று விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ரம்பமும் உளியுமாகத் திண்ணையில் உட்கார்ந்தால், "வேலையற்ற வேலை" என்று திட்டாதீர்கள். அவன் ஒரு புதுமையைச் செய்துவிட்டால், பட்டா வாங்கச் சொல்லுங்கள். பயிர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

யாராவது பத்திரத்தை நீட்டினால், அது கிரயமா, குத்தகையா என்று படித்துப் பார்த்த பிறகு பேனாவை எடுக்கச் சொல்லுங்கள்!