காது கிடைத்தால் மட்டும் போதாது

செவிப்புலனற்ற பிள்ளையுள்ள வீடுகளில் இன்று கொக்லியர் கருவி பற்றிய பேச்சு அடிபடுகிறது. நகையை அடகு வைத்தாவது, காணியை விற்றாவது சத்திரசிகிச்சை செய்துவிட்டால் பிள்ளை பேசிவிடும் என்று நம்புகிறோம். இது பாதி உண்மையே.

இக்கருவி வெறுமனே சத்தத்தைப் பெரிதாக்குவதில்லை. வெளியே அணியும் பகுதி ஒலியை மின்துடிப்பாக மாற்ற, உட்காதில் வைத்த நுண்கம்பிகள் அதைச் செவி நரம்புக்குக் கொடுக்கின்றன. அத்துடிப்பைச் சொல்லாக விளங்கிக்கொள்ள மூளை பழக வேண்டும். அதற்கும் பருவம் உண்டு. பெரும்போக மழையைத் தவறவிட்டு விதைப்பவனின் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவில் 1990 இல் 2 வயதுப் பிள்ளைகளுக்கு அனுமதித்த கருவியை, 2020 இல் 9 மாதக் குழந்தைகளுக்கும் அனுமதித்தது இதனாலேயே.

அந்நாட்டில் 5 வயதுக்கு முன் கருவி பெற்ற 188 பிள்ளைகளை 3 வருடங்கள் அவதானித்த ஆய்வொன்று 2010 இல் வெளியானது. முந்திக் கருவி பெற்ற பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினர். பெற்றோர் பிள்ளையோடு அதிகம் கலந்து பழகிய வீடுகளிலும் பேச்சு வளர்ந்தது. சென்னை பால வித்யாலயா 1969 முதல் செய்துவருவதும் இதுவே: சிறு வயதிலேயே பிள்ளையைச் சேர்த்து, தாயையும் உடன் பழக்குகிறது.

கேரள அரசு 2012 இல் தொடங்கிய சுருதிதரங்கம் திட்டம் சத்திரசிகிச்சையோடு பேச்சுப் பயிற்சியையும் இலவசமாக்கியது. நல்ல முன்மாதிரி. ஆயினும் வருடங்கள் சென்று கருவிகள் பழுதானபோது, பழைய மாதிரிகளுக்கு உதிரிப்பாகம் கிடையாமல் பெற்றோர் அலைந்தனர்.

2006 இல் மூதூர், தோப்பூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு, கொடுத்துவிட்டுப் போகும் உதவிக்கும் கூட நிற்கும் உதவிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே கையொப்பமிடுமுன் கேளுங்கள்: கருவியை அளவு திருத்த எத்தனை முறை, எங்கே வர வேண்டும்? பேச்சுப் பயிற்சி யார் தருவார்? பற்றரிக்கும் பழுதுக்கும் யார் பொறுப்பு? பதில் கிடைக்கும்வரை காணியை விற்காதீர்கள்.

குழந்தையின் காதை 3 மாதத்துக்குள் சோதிப்பிக்கும்படி குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். கைதட்டிப் பார்த்து மனந்தேறிவிட வேண்டாம். கையசைவைக் கண்டும் பிள்ளை திரும்பும். கருவி கிடைத்தபின் அடுப்படியிலும் வயல்வாடியிலும் பிள்ளையின் அருகிலிருந்து பேசுங்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு, அது பதில் தரும்வரை பொறுத்திருங்கள். பிள்ளை கையால் பேசினால் தடுக்கவும் வேண்டாம். சைகையும் மொழியே. கருவி பொருத்த முடியாத பிள்ளைக்கு அது உரிமை.

ஒரு நாள் பயணம் என்றால் ஒரு நாள் கூலி இழப்பு. எனவே சத்திரசிகிச்சைக்கு ஒருமுறை நிதி திரட்டும் நமது சங்கங்கள், பஸ் காசுக்கும் பற்றரிக்கும் மாதாமாதம் ஒதுக்கட்டும். எட்டும் தூரத்தில் கிழமைதோறும் பேச்சுச் சிகிச்சை வேண்டுமென்று ஒன்றுசேர்ந்து கேட்போம். கருவியை வைத்தியர் பொருத்துவார். பேச்சை வளர்க்க வேண்டியது வீடும் ஊரும்.