பந்தும் கேபிள் பில்லும்



2025 நவம்பர் 1ஆம் திகதி இரவை எங்கள் பிள்ளைகள் இலகுவில் மறக்க மாட்டார்கள். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 11ஆவது இன்னிங்ஸ் வரை போய், ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸிடம் 5-4 எனத் தோற்றது. எங்கள் மூத்தவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதான். கிரிக்கெட் அடித்து வளர்ந்த எங்களுக்கு இந்த பேஸ்போல் இப்போதுதான் கொஞ்சம் விளங்குகிறது. ஆனால் விடிய எழும்பி அவன் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

"அப்பா, அவங்களிட்ட மட்டும் ஏன் அவ்வளவு காசு?"

திங்கட்கிழமை தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் இதைச் சொன்னோம். எங்கள் லைனில் மொன்றியலில் இருந்து வந்த வயதானவர் ஒருவர் நிற்கிறார். தலையில் எப்போதும் எக்ஸ்போஸ் தொப்பி. "பந்தைப் பார்க்காதே, சனலைப் பார்" என்றார். அதன்பின் கேட்டும் வாசித்தும் அறிந்ததை இம்முறை எழுதுகிறோம்.

பெரிய பேஸ்போல் சங்கத்தில் 30 குழுக்கள். நாடு முழுவதும் காட்டும் ஆட்டங்களின் தொலைக்காட்சிப் பணத்தை எல்லோரும் சமமாகப் பிரிக்கிறார்கள். ஆனால் ஒரு குழுவுக்கு ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். அதில் பெரும்பாலானவை உள்ளூர்ச் சனலில்தான் போகும். அந்த உரிமையை ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக விற்கிறது. வருவதில் ஒரு பங்கைப் பொதுப் பெட்டியில் போட்டாலும் மிச்சம் அந்தக் குழுவுக்கே. பெரிய நகரம் என்றால் பெரிய காசு.

2013இல் டொட்ஜர்ஸ் ரைம் வோர்னர் கேபிளோடு செய்த ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டொலர். ஆண்டுக்குச் சராசரி 33 கோடிக்கு மேல்! அடுத்த ஆண்டு புதுச் சனல் தொடங்கியது. கேட்ட விலை கூட என்று மற்றக் கேபிள் கொம்பனிகள் அதை எடுக்கவில்லை. 1950 முதல் அந்தக் குழுவின் ஆட்டங்களை வர்ணனை செய்த வின் ஸ்கல்லி 2016இல் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி ஆண்டுகளை லொஸ் ஏஞ்சல்ஸிலேயே பல வீடுகள் பார்க்கவில்லை. 2020இல்தான் அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது.

எங்கள் ரொறன்ரோவின் கதை வேறு. 1984இல் ரீ.எஸ்.என். சனலைத் தொடங்கியது லபாட் பியர்க் கொம்பனி. 1992, 1993 வெற்றிகளின்போது புளூ ஜேய்ஸும் அதன் கையில்தான் இருந்தது. 2000இல் றொஜர்ஸ் குழுவை வாங்கியது. பின்னர் மைதானத்தையும் வாங்கியது. ஸ்போட்ஸ்நெற் சனலும் கேபிளும் அதனுடையவையே. குழு, மைதானம், சனல், கேபிள் நான்கும் ஒரே வீட்டில். வன்கூவர் வரை முழுக் கனடாவும் அதற்குச் சந்தை.

மொன்றியலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜெஃப்ரி லோரியா பொறுப்பேற்ற பின் வந்த 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் எக்ஸ்போஸ் ஆட்டங்களுக்கு ஆங்கிலத்தில் தொலைக்காட்சியும் இல்லை, வானொலியும் இல்லை. 2004 முடிவில் குழு வொஷிங்ரனுக்குப் போனது. அங்கேயும் சனல் சண்டைதான். அது தன் எல்லை என்று பல்ரிமோர் குழு உரிமையாளர் மறித்தார். சமாதானத்துக்காகத் தொடங்கிய சனலில் பெரும்பங்கு பல்ரிமோருக்குப் போனது. உரிமைப் பணத் தகராறு பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் இழுபட்டு 2025 மார்ச்சில்தான் தீர்ந்தது.

சரி, இந்தக் காசு எங்கிருந்து வந்தது? பந்து பார்க்காதவர்களிடமிருந்து! கேபிள் கட்டில் விளையாட்டுச் சனலும் சேர்ந்தே வரும். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கட்டணம் உண்டு. சனங்கள் கேபிளை வெட்டத் தொடங்கியதும் அடித்தளம் ஆடியது. 2019இல் சின்கிளயர் கொம்பனி பெரும் கடனோடு 21 விளையாட்டுச் சனல்களை வாங்கியது. அவற்றை நடத்திய டைமண்ட் ஸ்போட்ஸ் 2023 மார்ச்சில் கடனடைக்க முடியாமல் நீதிமன்றம் போனது. மே மாதம் சான் டியேகோ குழுவின் உரிமையைக் கைவிட்டது. சங்கமே அந்த ஆட்டங்களைத் தயாரித்துக் காட்ட வேண்டி வந்தது.

இதையெல்லாம் வீட்டில் விளக்கினோம். மனைவி கேபிள் பில்லை மேசையில் விரித்து வைத்தாள். "இதில நாங்கள் பாக்கிற சனல் எத்தினை?" என்று கேட்டாள். எண்ணினோம். ஐந்து. ஓவர்டைம் குறைந்த மாதம் அது. ஊருக்கும் காசு அனுப்ப வேண்டும். கேபிளை வெட்டினோம். ஆக, அந்தச் சனல்களை விழுத்தியவர்களில் இப்போது நாங்களும் சேர்ந்துவிட்டோம்.

மூத்தவன் இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு பழைய வானொலிப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். புளூ ஜேய்ஸ் ஆட்டத்தை வானொலியில் காசில்லாமல் கேட்கலாம். இப்போது படுக்கையில் கிடந்து கேட்கிறான். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் விளக்கம் சொல்கிறான்.

எக்ஸ்போஸ் தொப்பிக்காரரிடம் இதைப் பெருமையாகச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "2000இல் எங்கட வீட்டில அதுவும் இல்லை. குழு போக முதலே சத்தம் போய்விட்டது" என்றார்.

மணி அடித்தது. லைனுக்குத் திரும்பினோம்.