அம்மாக்கள் ஓடிய ஓட்டம்

"ஓடுவதா? கல்யாணத்துக்கப்புறம் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடியிருக்கேன்!" என்று சொல்லிச் சிரிக்காத இல்லத்தரசி நம்மில் யார்? அடுப்பில் பால் பொங்கினால் ஓடுகிறோம். தொட்டிலில் குழந்தை வீறிட்டால் ஓடுகிறோம். வாசலில் கறிகாய்க்காரர் குரல் கேட்டால் ஓடுகிறோம். இந்த ஓட்டத்துக்கெல்லாம் யாரும் மெடல் கொடுப்பதில்லை. இந்த இதழில் வேறு ஓர் ஓட்டத்தைப் பற்றிப் பேசலாமா, சகோதரிகளே?

அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில் நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மாரத்தான் ஓட்டம் அது. தூரம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். பள்ளிக்கூட மைதானத்தில் 400 மீட்டர் ஓடுபாதை போட்டிருப்பார்களே, அதை நூற்றைந்து தடவைக்கு மேல் சுற்றினால் எவ்வளவோ, அவ்வளவு! 2024-ஆம் ஆண்டு அதை ஓடி முடித்தவர்கள் 55 ஆயிரத்துக்கும் மேல். பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் அதில் நாலு பேருக்கு மேல் பெண்கள்.

"சரிதான், எங்கேயோ நியூயார்க்கில் யாரோ ஓடினால் நமக்கென்ன?" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த ஓட்டத்தின் ஆரம்ப நாட்களில் பெண்களுக்கு வழி திறந்து வைத்தவர்களில் ஒருவர் மூன்று குழந்தைகளின் தாய். இன்னொருவர் நாற்பது வயதை நெருங்கும்போது பிள்ளை பெற்றவர். அதனால் இது நம் வீட்டுக் கதையும்தான்.

பயமுறுத்திய பேச்சு

1970-ல் முதல் நியூயார்க் மாரத்தான் நடந்தபோது, ஓட வந்தவர்கள் மொத்தம் 127 பேர். சென்ட்ரல் பார்க் என்ற பூங்காவையே திரும்பத் திரும்பச் சுற்றி ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் 55 பேர்தான். வந்தவர்களில் ஒரே ஒரு பெண், நீனா குஸிக். உடம்பு சரியில்லாமல் பாதி வழிக்கு மேல் அவரால் ஓட முடியவில்லை, விலகிவிட்டார்.

அந்தக் காலத்தில் பெண்கள் நீண்ட தூரம் ஓடுவது ஆகாத காரியம் என்று படித்தவர்களே நம்பினார்கள். கருப்பை இறங்கிவிடும், பிள்ளை பிறக்காது, உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்றெல்லாம் பேச்சு. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட ஓட்டமே 800 மீட்டர்தான்!

நீனா தொழிலால் நர்ஸ். உடம்பைப் பற்றி அவருக்குத் தெரியாததா? மூன்று பிள்ளைகளைப் பெற்றவரிடம் போய், "ஓடினால் பிள்ளை பிறக்காது" என்றால் சிரிக்க மாட்டாரா? அடுத்த ஆண்டே, 1971-ல், மறுபடி வந்தார். அந்தத் தடவை பெத் பானர் என்ற பெண் 2 மணி 55 நிமிடத்திலும், நீனா 2 மணி 56 நிமிடத்திலும் ஓடி முடித்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு பெண்கள்! பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஆனாலும் சட்டதிட்டம் விடுகிறதா? 1972-ல் அந்நாட்டு விளையாட்டுச் சங்கம் ஒரு நிபந்தனை போட்டது. பெண்கள் ஓடலாம், ஆனால் ஆண்களோடு சேர்ந்து கிளம்பக்கூடாது, பத்து நிமிடம் முன்னாலேயே தனியாகக் கிளம்ப வேண்டும். அன்று வந்திருந்த பெண்கள் ஆறு பேர். அவர்களுக்கான துப்பாக்கி வெடித்தது. ஆறு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? கோட்டிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்! "இது 1972, விழித்துக்கொள்ளுங்கள்" என்ற அர்த்தத்தில் கையில் அட்டை வேறு. பத்து நிமிடம் கழித்து ஆண்களுக்கான துப்பாக்கி வெடித்ததும் எழுந்து, எல்லாரோடும் சேர்ந்து ஓடினார்கள். தண்டனையாக ஒவ்வொருவர் நேரத்திலும் பத்து நிமிடம் கூட்டிப் போட்டார்கள். அப்படியும் பெண்களில் முதலாவது நீனாதான்.

கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. உட்கார்ந்தே ஜெயித்தார்கள். 2025-ல் தமது 86-வது வயதில் அவர் காலமாகும்வரை அந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சொல்லி மகிழாத ஓட்டக்காரப் பெண் கிடையாது.

ஓடுகிறவர்கள் சொல்வது

1976-ல் ஓட்டம் பூங்காவை விட்டு வெளியே வந்தது. நகரத்தின் ஐந்து பகுதிகளையும் தொட்டுக்கொண்டு, ஐந்து பாலங்களைக் கடந்து ஓட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அதே ஏற்பாடுதான்.

ஓடியவர்கள் சொல்வதைக் கேட்டால் பாதி அனுபவம் ஓடுவதற்கு முன்பே கிடைத்துவிடுமாம். விடியுமுன் எழுந்து, படகிலோ பஸ்ஸிலோ ஸ்டேட்டன் தீவுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே நவம்பர் குளிரில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். இதற்காகவே வீட்டிலிருக்கும் பழைய ஸ்வெட்டர், பழைய கம்பளிச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வருவார்கள். கிளம்பும் நேரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவற்றைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, இல்லையா?

முதலில் வெரசானோ என்ற பெரிய தொங்கு பாலம். ஏற்றம், பக்கவாட்டில் கடல் காற்று. அதைத் தாண்டி புரூக்ளினுக்குள் நுழைந்தால் வீதியின் இரு பக்கமும் ஜனம். சட்டையில் பெயர் எழுதிக்கொண்டு வந்தவர்களை, முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துவார்கள். சின்னக் குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், ஓடுகிறவர் தட்டிவிட்டுப் போகவேண்டும் என்று.

பாதித் தூரம் கடந்தபின் குவீன்ஸ்பரோ பாலம். அங்கே வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. சத்தமெல்லாம் சட்டென்று அடங்கிவிடும். ஆயிரக்கணக்கான காலடிகளும் மூச்சுச் சத்தமும் மட்டும்தான். "ஏன்தான் வந்தோமோ?" என்று மனசு கேட்கிற இடம் அது. பாலம் இறங்கித் திரும்பினால் முதலாம் அவென்யூவில் மறுபடி ஜனக் கடல்! அந்தக் கைதட்டலில் மயங்கி வேகமாக ஓடியவர்கள் பிற்பாடு வருத்தப்படுவார்கள். இன்னும் 16 கிலோ மீட்டருக்கு மேல் பாக்கி இருக்கிறதே!

30, 32 கிலோ மீட்டர் வாக்கில் பலருக்குக் கால் திடீரென்று கல்லாகிவிடும். ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவர்' என்கிறார்கள். காரணம் எளிது. நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, கிழங்கு இவற்றின் மாவுச்சத்து ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கப்படுகிறது. ஓட ஓட அந்த இருப்பு தீர்ந்துபோகிறது. கொழுப்பு கைவசம் இருக்கும். ஆனால் அதை எரித்துச் சக்தி எடுக்க நேரமாகும். அரிசி டப்பா காலியாகிவிட்டது, நெல் குத்தித்தான் சமைக்கவேண்டும் என்ற கதை! அதனால்தான் ஓட்டத்துக்கு முந்தின நாட்களில் மாவுச்சத்துள்ள ஆகாரமாகச் சாப்பிடுகிறார்கள், வழியிலும் இனிப்புப் பானம் குடிக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. தாகத்துக்கு மேல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு அளவு குறைந்து மயக்கம், வலிப்புவரை போகலாம். மெதுவாக ஓடுகிறவர்களுக்கே இந்த அபாயம் அதிகம்.

மெடல் வாங்கிய மறுநாள் நிலைமை? தொடை வலியில் மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பி இறங்குகிறவர்கள் உண்டு. கால் நகம் கறுத்துப் போவதும் உராய்ந்த இடத்தில் தோல் உரிவதும் சகஜம். வாசலைனுக்கு அன்று நல்ல கிராக்கி!

எண்பத்தெட்டு, தொண்ணூறு பவுண்டு உடம்பு

1976-லும் 1977-லும் அங்கே பெண்களில் முதலாவதாக வந்தவர் மிக்கி கோர்மன். ஜப்பானியப் பெற்றோருக்குச் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஐந்தடி உயரம்; எடை 90 பவுண்டுக்கும் கீழே, நம் கணக்கில் நாற்பத்தோரு கிலோ கூட வராது. "பசி எடுக்கட்டும், கொஞ்சம் சதை போடட்டும்" என்பதற்காகத்தான் முப்பது வயதுக்கு மேல் கணவரோடு உடற்பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார்! 1975-ல் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், 41-வது வயதில், 2 மணி 39 நிமிடத்தில் நியூயார்க்கில் ஜெயித்தார். அவருக்குப் பிறகு இன்னோர் அமெரிக்கப் பெண் அங்கே ஜெயிக்க 2017 வரை, நாற்பது வருஷம், காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு, "நேற்றுத்தான் பிரசவமாச்சு, நாளைக்கே கிளம்பிடறேன்" என்று எந்தத் தங்கையும் புறப்பட்டுவிடக் கூடாது! 2007-ல் இங்கிலாந்தின் பௌலா ராட்கிளிஃப், குழந்தை பிறந்த பத்தாம் மாதத்தில் நியூயார்க்கில் ஜெயித்தார். உலகமே கொண்டாடியது. ஆனால் பிரசவத்துக்குப்பின் சீக்கிரமே கடுமையான பயிற்சியில் இறங்கியதில், முதுகெலும்பின் அடிப்பகுதியில் கீறல் விட்டு, நடுவில் மாதக்கணக்கில் அவஸ்தைப்பட்டார். டாக்டரும் பயிற்சியாளரும் கூடவே இருக்கிற உலக சாம்பியனுக்கே இந்தக் கதி.

இளம் தாய்மார்களுக்கு

கருப்பை இறங்கிவிடும் என்று சொல்லி ஓட்டத்தையே தடுத்தது தவறு. ஆனால் பிரசவத்துக்குப்பின் இடுப்புக்குழியைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும் என்பது உண்மை. அதற்கு வேண்டியது நிதானம். எனவே:

முதலில் அந்தத் தசைகளுக்குப் பயிற்சி. சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, சில விநாடி நிறுத்தி, தளர்த்துங்கள். உட்கார்ந்த இடத்திலேயே, குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதே செய்யலாம். டாக்டர் சரி என்றதும் நடை. ஓட்டம், மூன்று மாதமாவது ஆனபின். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கனத்து ஏதோ இறங்குவதுபோல் இருந்தாலோ, உடனே நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். "இதைப் போய் எப்படிச் சொல்வது?" என்று கூச்சப்பட்டுப் பல வருஷம் சுமக்கிறார்கள் நம் பெண்கள். கூச்சமே வேண்டாம், சரியாக்கக் கூடியது.

மிதமான பயிற்சியால் தாய்ப்பால் குறையாது, கெடவும் கெடாது. பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனம் தெரியாது. நன்றாகத் தாங்கும் உள்ளாடை அவசியம். திரும்பி வந்ததும் தண்ணீரோ மோரோ குடியுங்கள்.

எப்போதும் அசதியாக இருக்கிறதா? ஓடுவதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். சோகையோடு ஓடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஆரம்பம் இப்படி இருக்கட்டும்: வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிட நடை. இரண்டு வாரம் போனதும், ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிந்தால் வேகம் சரி. பேச முடியாமல் மூச்சிரைத்தால் குறையுங்கள். செருப்போடு ஓடாதீர்கள், காலுக்குப் பொருந்தும் ஷூ வேண்டும்.

"அந்த இருபது நிமிஷத்துக்கு எங்கே போவது?" என்பதுதான் நிஜமான கேள்வி, எனக்குத் தெரியும். வீட்டிலுள்ளவர்களை நேரடியாகக் கேளுங்கள். "ஆறிலிருந்து ஆறரை வரைக்கும் குழந்தையை நீங்க பார்த்துக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் முணுமுணுப்பு வரும். நாலாம் நாள் பழகிவிடும். கோட்டிலே உட்கார்ந்த அந்த ஆறு பெண்களுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. நமக்கு நாலு நாள் ஆனால் என்ன?

கடைசியாக ஒன்று. நார்வே நாட்டுப் பள்ளி ஆசிரியை கிரெட்டே வைட்ஸ் 1978-ல் முதன்முதலாக நியூயார்க்கில் ஓடினார். அதற்குமுன் அவ்வளவு தூரம் ஓடியதே கிடையாது. 2 மணி 32 நிமிடம், உலக சாதனை! ஆனால் வலி தாளாமல் ஷூவைக் கழற்றி வீசி, ஓட வைத்த கணவரிடம் "இனி ஜன்மத்துக்கும் மாட்டேன்" என்றாராம். அப்படிச் சொன்னவர்தான் மொத்தம் ஒன்பது தடவை அங்கே ஜெயித்தார். 1992-ல் மறுபடி வந்தார், ஜெயிப்பதற்காக அல்ல. அந்த ஓட்டத்தை வளர்த்து ஆளாக்கிய ஃப்ரெட் லெபோ மூளைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே ஓட விரும்பினார். கிரெட்டே அவர் பக்கத்திலேயே, அவர் வேகத்திலேயே ஓடினார். ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. இருவரும் கண்ணீரோடு சேர்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். அத்தனை வெற்றிகளைவிட அந்த ஓட்டத்தைத்தான் இன்றும் ஜனங்கள் நெகிழ்ந்து பேசுகிறார்கள்.

ஆகவே, மெதுவாகப் போவதில் வெட்கமில்லை, சகோதரிகளே. உங்கள் உடம்பு எந்த வேகத்தில் கூப்பிடுகிறதோ அந்த வேகத்தில் போங்கள். நாளைக் காலை வாசல் தெளித்துக் கோலம் போட்டதும், அப்படியே தெருமுனை வரை ஒரு நடை போய்விட்டு வாருங்களேன்!